கை பழகும் காலம்

ஒரு ஞாயிறு காலை, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், நம் பங்கைச் சேர்ந்த இரு பெண்பிள்ளைகள் பங்குமனைத் திண்ணையில் காத்திருந்தனர். பள்ளிப் பருவத்திலிருந்தே இணைபிரியாத தோழியர். இருவரும் செவிலியர் படிப்பில் சேர்ந்தவர்கள். ஒருத்தி அரசு மருத்துவமனையில், மற்றவள் தனியார் மருத்துவமனையில். படிப்பின் கடைசிக் கட்டமான இன்டர்ன்ஷிப் என்னும் பயிற்சிக் காலத்தை இருவரும் முடிக்கும் தறுவாயில் இருந்தனர். வேலைக்கு விண்ணப்பிக்க நம்மிடம் நன்னடத்தைச் சான்று வாங்க வந்திருந்தனர்.

எழுதிக்கொண்டே, "பயிற்சி எப்படி?" என்று கேட்டோம்.

முதலாமவள் சொன்னாள்: "சாமி, எங்கள் வார்டில் கட்டிலுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று கிடப்பார்கள். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, புண்ணுக்குக் கட்டுக் கட்டுவது எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் ஓடுவோம். கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால், சரியாகத்தான் பழகியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை."

இரண்டாமவள் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "எங்களிடத்தில் ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த முறை உண்டு சாமி. கேட்டால் ஒப்பிப்பேன். ஆனால், பணம் கட்டி வந்தவர்கள், 'படிக்கிற பிள்ளை தொட வேண்டாம், பெரிய சிஸ்டரைக் கூப்பிடு' என்பார்கள். நாங்கள் இரத்த அழுத்தம் பார்த்து எழுதுவோம். கோப்பைத் தூக்கிக்கொண்டு நடப்போம். முறை தெரியும், கை பழகவில்லை."

சான்றிதழ்களில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அவர்கள் போன பிறகு ஒரு கேள்வி மட்டும் திண்ணையிலேயே தங்கிவிட்டது. நடத்தைக்கு நாம் சான்று கொடுத்துவிட்டோம். கைக்குச் சான்று கொடுப்பவர் யார்? நாளை நம் தாயோ குழந்தையோ நோயுற்றுக் கிடக்கும்போது மருந்தை அளந்து செலுத்தப்போகிற கை அது. இக்கேள்வி நம் காலத்தில் எழுந்தது அன்று. அதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

நான்காவது தூண்

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவரையும் சேர்த்தே நான்கு என்கிறார். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்கிதையிலும் இதே நாற்பகுப்பு உண்டு. ஆகவே, பேணுபவர் மருத்துவரின் நிழல் அல்லர். தனித்த ஒரு தூண் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அத்தூணை எவ்வாறு நிறுத்துவது, பேணும் திறனை ஒருவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதுதான் மேலைநாடுகளிலும் கீழைநாடுகளிலும் நெடுங்காலம் விடை காணப்படாமல் கிடந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித யாக்கோபு பெயரால் அமைந்த, தீரா நோயாளர்க்கான மருத்துவமனையில் காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் வந்து சேர்ந்தார். 1550-இல் பிறந்த கமில்லுஸ் தெ லெல்லிஸ் அவர். போர்வீரராயிருந்தவர், சூதாட்டத்தில் உள்ளதையெல்லாம் இழந்தவர். நோயாளியாகப் படுத்திருந்தபோதுதான், கூலிக்கு வைத்த பணியாளர் நோயாளரை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதை அவர் கண்டார். பிற்பாடு மனந்திரும்பி, அதே மருத்துவமனையில் பொறுப்பேற்று, 1584-ஐ ஒட்டித் தம் தோழர்களுக்கென நோயாளர் பணிக்குரிய ஒழுங்குகளை எழுதினார். ஒரே பிள்ளை நோயுற்றால் தாய் எவ்விதம் பேணுவாளோ அவ்விதம் பேணவேண்டும் என்பது அவற்றின் உட்கருத்து. ஆனால் அன்பு கொள்ளுங்கள் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை; படுக்கை விரிப்பது, உணவூட்டுவது, நோயாளரைத் தூய்மை செய்வது ஆகியவற்றைத் தாமே செய்து காட்டினார். திருச்சபை 1930-இல் அவரைச் செவிலியரின் பாதுகாவலர்களுள் ஒருவராக அறிவித்தது.

1633-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பாரிசில் புனித வின்சென்ட் தெ பவுலும் புனித லூயிஸ் தெ மரியாக்கும் பிறரன்புப் புதல்வியர் என்னும் சபையைத் தொடங்கினர். வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நாட்டுப்புறப் பெண்கள். எழுதப் படிக்கவும், மருந்து தயாரிக்கவும், அக்கால வழக்கப்படி இரத்தம் வடிக்கவும் லூயிஸ் அவர்களுக்குக் கற்பித்தார். அடைபட்ட மடத்திற்குள் இராமல், நகரத் தெருக்களிலும் மருத்துவமனைக் கூடங்களிலும் பணிபுரியுமாறு வின்சென்ட் அவர்களை நடத்தினார். 1640-இல் ஆஞ்சே நகர மருத்துவமனையையும் இச்சகோதரிகள் ஏற்றனர்.

இவ்விருவர் வரலாற்றிலும் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. பேணும் கலை ஏட்டில் பிறந்தது அன்று, படுக்கையருகே பிறந்தது. தேர்ந்த கை ஒன்று புதிய கையைப் பிடித்து நடத்தியது. ஆனால் இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. அருகில் நின்ற மூத்தவர் நல்லவராயின் நன்மை தொடர்ந்தது. அவர் தவறுடையவராயின் தவறே தொடர்ந்தது. புதியவர் கற்றுத் தேறினார் என்பதை அளந்து சொல்ல ஏதும் இல்லை.

அளவுகோல் பிறந்த கதை

ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் 1836-இல் லுத்தரன் போதகரான தியோடர் ஃபிளீட்னர் நோயாளர் பணிக்கென ஒரு பயிற்சி இல்லம் திறந்தார். 1851-இல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்கிக் கற்றவர்தான் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854 அக்டோபரில் கிரீமியப் போரில் காயமுற்றோரைப் பேண அவர் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரிக்குப் புறப்பட்டபோது, அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இலண்டன் பெர்மண்ட்சி மடத்தின் தலைவியான அன்னை மேரி கிளேர் மூர் அவர்களில் ஒருவர். அவரிடம் நைட்டிங்கேல் கொண்டிருந்த மதிப்பு வாழ்நாள் முழுவதும் குறையவில்லை.

போர் முடிந்தபின், பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நிதியைக்கொண்டு 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஓராண்டுப் பயிற்சி. மருத்துவமனையிலேயே தங்கியிருந்து வேலை செய்துகொண்டே கற்கவேண்டும். நம் கேள்விக்கு நேராக வருகிற ஒரு செய்தி இங்கே உண்டு. ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் தலைமைச் செவிலியர் மாதந்தோறும் ஒரு படிவத்தை நிரப்பவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தனர். அப்படிவத்திற்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதி நடத்தை: நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை. இரண்டாம் பகுதி கற்ற திறன்கள்: புண்ணுக்குக் கட்டுக் கட்டுதல், அசைய முடியாத நோயாளரைப் புரட்டுதல், படுக்கைப் புண் வராமல் காத்தல், நோயாளர் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுதல், நோயாளருக்குக் கஞ்சி காய்ச்சுதல், நாடி, மூச்சு, உறக்கம், பசி, மருந்தின் விளைவு ஆகியவற்றைக் கூர்ந்து நோக்குதல்.

நல்லவள் என்பது ஒன்று. வல்லவள் என்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே அளந்து எழுதவேண்டும் என்ற இவ்வெண்ணமே செவிலியர் கல்வியில் ஏற்பட்ட பெருந்திருப்பம் என்று நாம் கருதுகிறோம்.

எனினும், எண்ணம் உயர்ந்ததாயிருந்தும் நடைமுறை தடுமாறியது. நைட்டிங்கேல் அம்மையார் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். பள்ளியை நேரில் சென்று பார்க்கவில்லை. பாடம் சொல்லவேண்டிய மருத்துவ அலுவலர் விட்ஃபீல்ட் நாளடைவில் பாடம் நடத்துவதையே விட்டுவிட்டார். மாணவியர் வார்டில் ஆள்பற்றாக்குறையை நிரப்பும் வேலையாட்களாயினர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே இது அம்மையாருக்கு முழுமையாகத் தெரியவந்தது. 1872-ஐ ஒட்டி விட்ஃபீல்டின் இடத்தில் ஜான் கிராஃப்ட் என்னும் அறுவை மருத்துவர் அமர்த்தப்பட்டார். ஒழுங்கான விரிவுரைகள் தொடங்கின. மாணவியரின் கல்வியைக் கவனிக்கத் தனி இல்லத் தலைவி ஒருவரும் ஏற்படுத்தப்பட்டார்.

உலகின் புகழ்பெற்ற பள்ளிக்கே நேர்ந்த தடுமாற்றம் இது. மாணவி கற்க வந்தவள் என்பதை மருத்துவமனை மறக்கும்போது அவள் மலிவான கூலியாகிவிடுகிறாள். கற்பிப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தாதவரையில் கற்பித்தல் நடப்பதில்லை. இவ்விரண்டு பாடங்களும் அன்றே எழுதப்பட்டுவிட்டன. ஆயினும் உலகம் அவற்றை மீண்டும் மீண்டும் மறந்தது. அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியோடு ஒரு குழு ஆராய்ந்து 1923-இல் வெளியிட்ட அறிக்கை, அக்குழுவின் செயலராயிருந்த ஜோசஃபின் கோல்ட்மார்க்கின் பெயரால் வழங்குகிறது. மருத்துவமனையின் அன்றாடத் தேவைக்காக மாணவியரின் கல்வி பலியிடப்படுகிறது என்பதே அவ்வறிக்கையின் சாரம். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செவிலியர் பள்ளி, மருத்துவமனைக்கு அடிமைப்படாத தனி நிர்வாகத்தோடு, கல்வித் திட்டத்தின்படியே மாணவியரை வார்டுக்கு அனுப்பும் முறையைக் கைக்கொண்டது.

நம் மண்ணில்

இனி நம் நாட்டைப் பார்ப்போம். சென்னையில் 1854-இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு இசைவளித்தது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியபோது சேர்ந்த மாணவியர் நால்வர். பயிற்சிக் காலம் ஆறு மாதம். டில்லி புனித ஸ்தேவான் மருத்துவமனையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1867-இல், இந்தியப் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. ஒன்று அரசின் முயற்சி. மற்றொன்று மறைபரப்பாளர் முயற்சி. அரசு, தனியார் என்னும் இரண்டு வழிகள் தொடக்கத்திலேயே இணையாக ஓடியதை இங்கே காண்கிறோம்.

வேலூரில் ஒரே கட்டிலோடு மருத்துவப் பணி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், தனி மருத்துவரால் மட்டும் மக்கள் பிழைக்கமாட்டார்கள் என்பதை விரைவில் உணர்ந்தார். 1909-இல் டெலியா ஹூட்டன் என்னும் செவிலியர் அங்கே பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தோன்றியது. இதற்கிடையே, 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம், பயிற்சி பெற்றோரைப் பதிவு செய்யும் முறையை நம் மாகாணத்தில் நிலைநாட்டியது. 'இவர் தேர்ந்தவர்' என்று அரசின் பெயரால் சொல்லும் வழக்கம் அப்போது பிறந்தது.

கத்தோலிக்கரிடையே ஒரு தடை நெடுங்காலம் இருந்தது. துறவியர் மருத்துவத்தில், குறிப்பாக மகப்பேற்றுப் பணியில், ஈடுபடுவதைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. ஆண் மருத்துவர் தொட விரும்பாத இந்தியப் பெண்கள் பேற்றறையிலேயே மாண்டனர். ஸ்காட்லாந்து மருத்துவரான ஆக்னஸ் மக்லாரன் அம்மையார் இத்தடையை நீக்குமாறு உரோமையிடம் ஓயாது மன்றாடினார். அவரது வாழ்வாலும் பணியாலும் தூண்டப்பட்டவர் பலர். அவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி. 1920-இல் இந்தியா வந்து, இயேசு மரி சூசை சபையில் துறவியாகி, தனிச் சிறப்பு அனுமதியோடு குண்டூரில் மருத்துவம் செய்தார். தாம் ஒருவரே எத்தனை பேரைப் பார்க்க இயலும் என்று எண்ணி, உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும், பேறு பார்க்கவும், நோயாளரைப் பேணவும் கற்பித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தையும் தோற்றுவித்தார்.

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் உரோமை வெளியிட்ட அறிவுரை அத்தடையை நீக்கியது. நாம் கவனிக்கவேண்டியது, அது தடையை நீக்கியதோடு நில்லாமல், இப்பணிக்குச் செல்லும் கன்னியர் உரிய கல்வியும் சான்றும் பெறவேண்டும் என்றும் ஊக்கியது. பக்தி, திறனுக்கு ஈடாகாது என்பதைத் திருச்சபையே அன்று ஒப்புக்கொண்டது எனலாம்.

நாடு விடுதலை பெறும் தருவாயில், 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை நம் நிலையை எண்களால் காட்டியது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். 1971-க்குள் 500 பேருக்கு ஒருவர் என்ற நிலையை எட்டவேண்டும் என்று அக்குழு கனவு கண்டது. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது; நாடு முழுவதற்கும் ஒரே தரமான கல்வி என்பது அதன் நோக்கம். 2023-இல் அச்சட்டத்திற்கு மாற்றாகத் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

நான்கு படிகள்

இவ்வளவு வரலாற்றுக்குப் பின்னும் நம் திண்ணையில் அமர்ந்த இரு பிள்ளைகளின் குறை தீரவில்லையே, ஏன்?

1990-இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் மருத்துவத் திறனை நான்கு படிகளாகக் காட்டினார். அறிதல் முதற்படி. எவ்வாறு செய்வது என்றறிதல் இரண்டாம் படி. பிறர் பார்க்கச் செய்து காட்டல் மூன்றாம் படி. அன்றாடப் பணியில், தேர்வு நடத்துவோர் எவரும் இல்லாதபோதும், அதையே செய்தல் நான்காம் படி. நம் இரண்டாமவள் இரண்டாம் படியில் நிறுத்தப்பட்டிருக்கிறாள். முதலாமவளோ மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்து நான்காம் படியில் நிற்கிறாள். செய்கிறாள், ஆனால் செய்து காட்டி, பார்த்தவர் ஒப்புதல் சொல்லி, அதன்பின் செய்யத் தொடங்கவில்லை. இருவருக்கும் இல்லாமற்போனது ஒரே படிதான். அருகில் ஒருவர் நின்று பார்க்கும் அந்த மூன்றாம் படி.

அரசு மருத்துவமனையில் நோய்களின் வகைக்குக் குறைவில்லை. பாம்புக்கடியும், தீக்காயமும், சிக்கலான பேறும், முற்றிய நோயும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கற்பவருக்கு அது பெருங்கடல். ஆனால், வார்டுச் செவிலியருக்குத் தம் நோயாளரைப் பார்க்கவே நேரம் போதவில்லை; மாணவியின் கையைப் பார்க்க எங்கே நேரம்? நெருக்கடியில் குறுக்குவழிகள் பிறக்கின்றன. கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குச் செல்வதும், மருந்துச் சீட்டை நோயாளர் பெயரோடு ஒப்பிட்டுப் பாராமல் ஊசி போடுவதும் வழக்கமாகிவிட்டால், அதுவே 'பழகிய கை' ஆகிவிடுகிறது. பழக்கம் வேறு, திறன் வேறு. தவறான பழக்கத்தை விடுவிப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

தனியார் மருத்துவமனையில் கருவிகள் உண்டு. எழுதப்பட்ட ஒழுங்குமுறை உண்டு. பதிவேடுகள் செம்மையாக உண்டு. ஆனால் கட்டணம் செலுத்தியவர் கற்பவரின் கையை ஏற்பதில்லை. நிர்வாகமும் வழக்குக்கு அஞ்சி அக்கையை விலக்கிவைக்கிறது. அதே நிர்வாகங்களுள் சில, ஆள் குறைந்த இரவுப் பணியில் அக்கையையே தனியே விட்டுவிடுவதும் உண்டு. பகலில் தொடக்கூடாத கை, இரவில் பொறுப்பேற்கும் கையாகிவிடுகிறது. எல்லா அரசு மருத்துவமனைகளும், எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. இரண்டிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றவர்களை ஊசி குத்தும் விதத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லவேண்டும். பயிற்சி முடித்த உடனே ஒருவர் தேர்ந்த செவிலியராகிவிடுவார் என்று எதிர்பார்ப்பது அறியாமை. பட்ரீசியா பென்னர் என்னும் செவிலியர் அறிஞர் 1984-இல் வெளியிட்ட தம் நூலில், புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து நிலைகளைக் காட்டினார். நடுவிலுள்ள 'திறனுடையவர்' என்ற மூன்றாம் நிலையை எட்டவே ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர் கண்டது. ஆகவே, பயிற்சிச் செவிலியரிடம் நாம் எதிர்பார்க்கவேண்டியது வல்லமையை அன்று. அடிப்படைச் செயல்களில் பிழையில்லாத கை, நோயாளரின் மாற்றத்தை உடனே கண்டுகொள்ளும் கண், 'இது எனக்குத் தெரியாது, மூத்தவரை அழைக்கிறேன்' என்று கூசாமல் சொல்லும் நேர்மை ஆகிய மூன்றையே எதிர்பார்க்கவேண்டும். மூன்றாவது இல்லாதபோது முதல் இரண்டும் ஆபத்தாகிவிடும்.

விலை கொடுப்பவர் யார்?

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு, ஆனால் அதற்கு விலை உண்டு.

2021-இல் திருத்தப்பட்ட பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தில் எட்டாம் பருவம் முழுவதும் பயிற்சிக் காலமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 22 வாரம், வாரம் 48 மணி. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளர் என்ற அளவும் விதிகளில் உண்டு. ஆனால் மணிக்கணக்கு திறனுக்குச் சான்று ஆகாது. வாரத்திற்கு 48 மணி நேரம் தவறாகச் செய்தாலும் கணக்கு நிரம்பிவிடும். செயல்முறைப் பதிவேட்டில் ஒரே நாளில், பேனாவின் நிறம் மாறாமல், ஐம்பது கையொப்பங்கள் இடப்பட்டால் அப்பதிவேடு வெறுந்தாளே.

முதன்முதலாக ஒரு செயலை நோயாளர் உடலில் செய்து பார்க்காமல், பொம்மை உடலில் செய்து பழகுவது ஒரு வழி. அமெரிக்காவில் பத்துக் கல்விநிலையங்களில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு அமைந்த செயற்கைப் பயிற்சி, வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை ஈடுசெய்யலாம் எனக் கண்டனர். ஆனால் அங்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அருகில் நின்றனர். பொம்மை கற்பிப்பதில்லை, பொம்மையருகே நிற்கும் ஆசிரியரே கற்பிக்கிறார்.

ஆகவே, எந்தப் பக்கம் சுற்றினாலும் நாம் வந்து சேர்வது வார்டிலுள்ள மூத்த செவிலியரிடமே. அவருக்கு நேரம் வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அதற்கு ஊதியம் வேண்டும். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அறுவை நோயாளரைப் பேணும் செவிலியர் ஒருவரின் சுமையில் கூடுதலாக ஒரு நோயாளர் சேர்ந்தால், 30 நாளுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது எனக் கண்டனர். நம் நாட்டில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த வல்லுநர் குழு, 200 கட்டிலுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தரவேண்டும் என்றும், 50-க்குக் குறைந்த கட்டிலுடையவை மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கும்வரை, மூத்தவர்கள் நல்ல ஊதியம் தேடி அயல்நாடு செல்வார்கள். கற்பிக்கவேண்டிய கை விமானம் ஏறிவிட்டால், கற்கவேண்டிய கை தானே தடவித் தடவிக் கற்கவேண்டியதுதான். போகிறவர்களை நாம் குறைகூறவில்லை. கடன் வாங்கிப் படித்த பிள்ளை வேறென்ன செய்வாள்?

மருத்துவமனை நடத்தும் துறவற சபைகளுக்கும் மறைமாவட்டங்களுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. நைட்டிங்கேல் பள்ளியின் முதல் பத்தாண்டில் நேர்ந்தது நம் நிறுவனங்களில் நேராது என்று நாம் மார்தட்ட இயலாது. 'சேவை' என்ற இனிய சொல்லின் நிழலில் பயிற்சி மாணவியைச் சம்பளமில்லா ஊழியராக வைத்துக்கொள்வது எளிது. அவ்வாறு செய்தால், கமில்லுஸின் பெயரையும் லூயிஸின் பெயரையும் வாயிற்பலகையில் எழுதிவைப்பதில் பொருள் இல்லை.

இறைமக்களாகிய நம் ஒவ்வொருவருக்கும்கூடப் பங்குண்டு. பிள்ளையைச் செவிலியர் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தையும் விடுதியையும் மட்டும் விசாரிக்கின்றனர். பயிற்சிக்குரிய மருத்துவமனையில் நோயாளர் உண்மையில் படுத்திருக்கும் கட்டில்கள் எத்தனை, வார்டில் மாணவியருடன் நிற்கும் ஆசிரியர் உண்டா, செயலைக் கண்ணால் பார்த்தவர்தாம் பதிவேட்டில் கையொப்பமிடுகிறாரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்கவேண்டும். நோயாளராக நாம் படுத்திருக்கும்போது ஒரு பயிற்சிச் செவிலியர் வந்தால், 'நீ தொடாதே' என்று விரட்டாமல், 'உன் மூத்த சிஸ்டரையும் அழைத்து வா, அவர் பார்க்க நீ செய்' என்று சொல்லலாம். நம் உயிருக்கும் அது காவல். அவளுக்கும் அது கல்வி. எல்லாரும் அவளை விரட்டிவிட்டால், நாளை நம் பிள்ளைகளுக்குத் தேர்ந்த கை எங்கிருந்து வரும்?

சில மாதங்கள் கழித்து முதலாமவள் மீண்டும் வந்தாள். வேலை கிடைத்திருந்தது. "சாமி, முதல் வாரம் மூத்த சிஸ்டர் என் பக்கத்திலேயே நின்றார்கள். டிரிப் ஊசியை ஏற்றும்போது நான் இவ்வளவு நாளும் தோலைத் துடைத்துவிட்டு, அது காயுமுன்னே குத்தியிருக்கிறேன். காய விடவேண்டும் என்று புத்தகத்தில் படித்ததுதான். ஒருவரும் பார்த்துச் சொல்லாததால் எனக்கே தெரியவில்லை" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அந்த ஊசிகள் ஏறிய நோயாளரை அவள் நினைத்துக்கொண்டாள் போலும்.

அரை நிமிடம் அருகில் நின்று பார்க்க ஒருவர் இருந்திருந்தால் போதும். நானூறு ஆண்டு வரலாறும் நம்மிடம் கேட்பது அந்த அரை நிமிடத்தைத்தான்.